சின்னக் கைகளில் ஒரு வியாபாரம்

வியாபாரம் என்றால் கடைவீதியில் மட்டும் நடப்பது என்றே நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாழ்கின்ற நமக்கு வியாபாரம் புதிதல்ல. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வாப்பா, கண்டியில் துணி விற்கும் நானா, வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ராத்தா என்று, வீட்டுக்கு ஒருவராவது கொடுக்கல் வாங்கலில் இருப்பார்கள். ஆனால் நம் வீட்டு விறாந்தையிலே, பாடசாலைப் பையைக் கூடக் கழற்றி வைக்காமல், எட்டு வயதும் பத்து வயதுமான பிள்ளைகள் நடத்துகின்ற வியாபாரம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கார்ட் மாற்றிக் கொள்ளும் வியாபாரமே அது.

இந்தக் கார்ட்களைப் பார்க்காத தாய்மார் இன்று குறைவு. ஜப்பானில் 1996ல் தொடங்கிய போக்கிமொன் கார்ட்கள், உதைபந்தாட்ட வீரர்களின் கார்ட்கள் என்று பல வகை. லண்டனிலிருந்து மாமா கொண்டு வருவார். கட்டாரிலிருந்து சாச்சா அனுப்புவார். கடைகளில் தொங்கும் மலிவான பக்கட்டுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை போலி. உருவப் படங்கள் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு அறிந்து கொள்ளுங்கள். நான் இங்கே எழுத வந்தது படத்தைப் பற்றியல்ல, விலையைப் பற்றி.

முத்திரை சேர்த்த காலம்

எங்கள் சிறு பிராயத்தில் கார்ட் இல்லை. தபால் முத்திரை இருந்தது. என் வாப்பாவிடம் கெட்டி மட்டை போட்ட ஆல்பம் ஒன்று இருந்தது. கடிதத்திலிருந்து முத்திரையைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளில் காய வைத்து, பல் உடையாமல் எடுத்து வைப்பார். நம் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையின் நினைவாக 1977ல் வெளியான முத்திரை அந்த ஆல்பத்தில் தனிப் பக்கத்தில் இருந்தது.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியானது. விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 6 பென்ஸ் முத்திரை அது. அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பின் 1859ல் வந்த 4 பென்ஸ் மங்கல் ரோஜா நிற முத்திரைதான் நம் நாட்டு முத்திரைகளிலே மிகவும் அரிதானவற்றில் ஒன்று. முந்தி வந்ததை விடப் பிந்தி வந்ததற்கு விலை அதிகம்! "பழையது என்பதற்காக விலை வருவதில்லை, கிடைக்காதது, பழுதில்லாதது, பலர் தேடுவது. இந்த மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தால்தான் விலை" என்று வாப்பா சொல்வார்.

கார்ட்டிலும் இதுவே கணக்கு. மிக்கி மான்டல் என்ற அமெரிக்க பேஸ்போல் விளையாட்டு வீரரின் 1952ஆம் வருடக் கார்ட் ஒன்று, 2022 ஆகஸ்ட் மாதம் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. சூயிங்கம் பக்கட்டோடு பிள்ளைகளுக்கு விற்கப்பட்ட அட்டை அது! விற்காமல் தேங்கிக் கிடந்த கார்ட்களைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பனியில் வேலை செய்தவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கொட்டியது போக மிஞ்சியது அரிதாயிற்று. அதிலும் மூலை மழுங்காமல், கீறல் விழாமல் இருந்த பிரதிக்கே இந்த விலை. கார்ட்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போடுவதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே படம், ஒரே பதிப்பு; புள்ளி இரண்டு குறைந்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

இதில் பிள்ளைகள் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இணையத்தில் ஒருவர் ஒரு கார்ட்டுக்கு 50,000 ரூபா கேட்டிருப்பார். பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தன்னிடமுள்ள கார்ட்டும் 50,000 பெறும் என்று துள்ளிக் குதிக்கும். கேட்கின்ற விலை வேறு, விற்ற விலை வேறு. யாரும் எதையும் கேட்கலாம். காசு கொடுத்து ஒருவர் வாங்கினாரா என்பதே கேள்வி. கண்டி மார்க்கட்டில் மரக்கறி வாங்கும் நமக்கு இது தெரியாததா என்ன?

"நான் பொய் சொல்லல்லையே உம்மா"

சென்ற வருடம் எங்கள் குடும்பத்தில் நடந்த விடயம் ஒன்றைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. என் தங்கையின் மகனுக்கு எட்டு. லண்டன் மாமா அனுப்பிய பக்கட்டில் சின்னவனுக்கு நெருப்புக் கக்கும் பறவை நாகம் போன்ற ஒரு கார்ட் கிடைத்தது. சரிஸார்ட் என்பது அதன் பெயர். என் மகன் தன்னிடமிருந்த பன்னிரண்டு சாதாரணக் கார்ட்களைக் கொடுத்து அதை வாங்கிக் கொண்டான். ஒன்றுக்குப் பன்னிரண்டு கிடைத்த சந்தோஷத்தில் சின்னவனும் வீட்டுக்குப் போய்விட்டான்.

இரவு தங்கையின் டெலிபோன் வந்தது. "உங்கட மகன் சின்னவன ஏமாத்தி எடுத்திருக்கிறானே ராத்தா!" அவளுடைய கணவர் விலையைத் தேடிப் பார்த்திருக்கிறார். அதே கார்ட் இங்கிலாந்தில் 20 பவுண் அளவில் விற்றிருக்கிறது. நம் காசுக்கு எட்டாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. பன்னிரண்டு கார்ட்களும் சேர்ந்து ஐந்நூறு ரூபா தேறாது.

மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தயங்காமல் பதில் சொன்னான். "நான் பொய் சொல்லல்லையே உம்மா. பறிக்கவும் இல்ல. அவன்தானே ஓம் எண்டு சொன்னான்."

"அந்தக் கார்ட்ட விலை உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தம்பிக்கு?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

என் கணவர், "சின்னப் பிள்ளைகள்ட விளையாட்டு, விட்டுருங்க" என்றார். எனக்கு விட மனம் வரவில்லை. எட்டாயிரம் ரூபா பெரிதல்ல. "நான் பொய் சொல்லவில்லை" என்ற பதிலோடு இந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு கடையில் உட்காருமே என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அடுத்த நாள் அஸருக்குப் பின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு, அவர்கள் 'அப்பா' என்றழைக்கும் என் வாப்பாவிடம் போனோம். நாற்பது வருடம் துணிக்கடை நடத்தியவர் அவர்.

வாப்பா ஏசவில்லை. ஒரு சரித்திரம் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் தோழர் ஜரீர் பின் அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு குதிரை வாங்கி வரும்படி தம் ஆளை அனுப்பினார்கள். அவர் 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, காசு வாங்குவதற்காக உரியவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், அது முந்நூறுக்கு மேல் பெறும் என்று சொல்லி நானூறு தருவதாகக் கூறினார்கள். பிறகு ஐந்நூறு. இப்படியே கூட்டிக் கூட்டிக் கடைசியில் 800 கொடுத்து வாங்கினார்கள். விற்பவர் கேட்கவில்லை, வாங்குபவரே கூட்டினார்! காரணம் கேட்டபோது, முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் செய்த பைஅத்தை எடுத்துச் சொன்னார்கள். தபரானியில் பதிவான சம்பவம் இது. அந்தப் பைஅத் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

மகனின் முகம் கறுத்துப் போயிற்று. "அப்ப, விலை படிச்சு வெச்சி எனக்கு என்ன லாபம் அப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். வாப்பா சொன்னார்: "தெரிஞ்சவனுக்கு லாபம் இருக்கு மகன். அதத் தெரியாத பிள்ளைட கையில இருந்து எடுக்கக் கூடாது."

மகன்தான் சின்னவனிடம் உண்மை விலையைச் சொன்னான். சின்னவன் கொஞ்ச நேரம் யோசித்து, தன் கார்ட்டைத் திருப்பி எடுத்துக் கொண்டு, பன்னிரண்டையும் எண்ணிக் கொடுத்தான். என் மகன் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அதன் பின் நடந்ததைப் பாருங்கள். கையில் எந்தக் கார்ட் கிடைத்தாலும் சின்னவன் முதலில் ஓடி வருவது என் மகனிடம்தான். "இது எவ்வளவு பெறும் நானா?" என்று கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

பேசுவது பிள்ளை, முடிப்பது பெரியவர்

பருவமடையாத பிள்ளை செய்யும் விற்பனை ஒப்பந்தம் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் செல்லுபடியாகாது. அப்படியானால் பிள்ளைக்கு வியாபாரம் பழக்குவது எப்படி? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் அதற்கும் வழி சொல்கிறார்கள். வியாபாரியின் பிள்ளை பேரம் பேசட்டும். அதில் அவன் பக்குவத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிக்கும் நேரம் வந்தால் வலீ முடித்து வைக்கட்டும் என்பது அதன் சாரம். பெண் பிள்ளையை நூல் நூற்பதிலும், உணவைப் பூனை தின்னாமல் காப்பதிலும் சோதிக்கலாம் என்றும் அங்கே வருகிறது! அநாதைகளைச் சோதித்துப் பக்குவம் கண்ட பின்பே சொத்தை ஒப்படைக்கச் சொல்லும் சூரதுந் நிஸாவின் 6ஆம் வசனமே இதற்கெல்லாம் அடிப்படை.

எண்ணூறு வருடங்களுக்குக் கிட்டிய இந்த வழியைத்தான் இப்போது எங்கள் வீட்டில் கைக்கொள்கிறோம். பிள்ளைகள் விருப்பம் போல் பேரம் பேசலாம். ஆனால் இரண்டு வீட்டிலும் பெரியவர் ஒருவர் சரி சொல்லும் வரை கார்ட் கை மாறாது. மூலை மடிந்திருந்தால், கீறல் இருந்தால், போலி என்று சந்தேகமிருந்தால் கொடுப்பவரே முதலில் காட்ட வேண்டும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்த ஹதீஸ் நமக்குத் தெரிந்ததே. கார்ட்டின் பின்பக்கக் கீறலும் அடியில் மறைந்த ஈரம்தான். வாங்கும் எண்ணமில்லாமல் கூட்டாளிக்காக விலையை ஏற்றி விடுவதும் கூடாது. 'நஜ்ஷ்' என்று நபியவர்கள் தடுத்த காரியம் அது.

இதற்காக நாமே விலைப்பட்டியல் போட்டு அதைப் பிள்ளைகள் மேல் சுமத்தத் தேவையில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டும், விலை அல்லாஹ்வின் கையில் இருக்கிறதென்று சொல்லி நபியவர்கள் நிர்ணயிக்கவில்லை. ஆசைப்பட்ட கார்ட்டுக்கு ஒரு பிள்ளை தெரிந்தே ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் கொடுக்கட்டும். தெரிந்தே என்பதுதான் முக்கியம்.

மூடிய பக்கட்

திறந்து காட்டிய கார்ட்டை மாற்றிக் கொள்வது ஒன்று. மூடிய பக்கட்டை வாங்குவது வேறொன்று. பக்கட்டுக்குள் எத்தனை கார்ட் என்பது தெரியும். எந்தக் கார்ட் என்பது தெரியாது. பிள்ளை கார்ட்டுக்காக அல்லாமல் "இந்த முறை விழும், அடுத்த முறை விழும்" என்ற ஆசைக்காகவே காசு கொடுக்கத் தொடங்கினால், அது எதைப் போலிருக்கிறது என்று நாம் யோசிக்க வேண்டும். நிச்சயமற்ற வியாபாரத்தை நபியவர்கள் தடுத்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. 2001ல் சவூதி அரேபிய உலமாக்கள் போக்கிமொன்னைத் தடுத்து பத்வா கொடுத்தபோது, சூதாட்டத்தை ஒத்திருப்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். முஸ்லிம்கள் மட்டும்தான் இப்படி நினைக்கிறோமா? சில கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்பட்ட மூடிய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2018ல் பெல்ஜியமும் முடிவு செய்தது.

பெரியவர்களே இதில் அகப்படுகிறார்கள். லோகன் போல் என்ற அமெரிக்க இணையப் பிரபலம் 35 இலட்சம் டொலர் கொடுத்து, முதல் பதிப்புப் போக்கிமொன் கார்ட்கள் என்று நம்பி மூடிய பெட்டியொன்றை வாங்கினார். 2022 ஜனவரியில் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தவை வேறொரு பொம்மை வரிசையின் கார்ட்கள்! சோதித்து உறுதிப்படுத்திய பெட்டியின் கதியே இதுவென்றால், பெருநாள் சல்லியை எடுத்துக் கொண்டு ஓடும் நம் பிள்ளைகளின் கதி என்ன? விரும்பிய கார்ட் இன்னதென்று தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் பார்த்து, பேசி வாங்கச் சொல்லுங்கள். அநேகமாக அதுவே மலிவாகவும் முடியும்.

சகோதரிகளே! இந்தக் கார்ட்களைப் பறித்து அடுப்பில் போடுவது எளிது. போட்டால் நாளை ஸ்டிக்கர் வரும், பந்து வரும், வேறொன்று வரும். எதைக் கொடுத்து எதை வாங்கினாலும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாததை நாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வாங்கும் குணம் பிள்ளையிடம் வர வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டென்பது நபிமொழியின் கருத்து. அந்தப் பரக்கத்தை நம் பிள்ளைகளின் சின்னக் கைகளிலிருந்தே அல்லாஹ் தொடங்கி வைப்பானாக. ஆமீன்.