ஆதிசக்தி நெற்றிக்கண்ணை ஏன் கொடுத்தாள்?



கடந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கைதூக்கி வாக்களித்ததில் ஒரு மாணவிக்கே அதிக வாக்குகள் விழுந்தன. அவள் பெயரைக் கரும்பலகையில் எழுதப்போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"டீச்சர், ஆம்பளதான் தலைவரா இருக்கணும். கடவுளே ஆம்பளைய தான முதல்ல படைச்சாரு?"

வகுப்பு சிரித்தது. கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, "ஆமா டீச்சர், ஏவாளை விலா எலும்புல இருந்துதான் செஞ்சாங்க" என்று அவனுக்குச் சான்றும் கொடுத்தாள். அவனைத் திருத்தவேண்டும் என்று வாய் திறந்தேன், சொல் வரவில்லை. பதினொரு வயதுச் சிறுவன் தலைமைத்துவத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு உலகத் தோற்றத்திலிருந்து விடை எடுக்கிறான். அது அவனாகக் கண்டுபிடித்த முறையன்று. பெரியவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவது.

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள புருஷ சூக்தம் என்ன சொல்கிறது? ஆதிப் புருஷனின் வாய் ஒரு வருணம், தோள்கள் ஒரு வருணம், தொடைகள் ஒரு வருணம், பாதத்திலிருந்து தோன்றியது இன்னொரு வருணம். டாக்டர் அம்பேத்கர் 1946இல் சூத்திரர்கள் யார் என்னும் தம் நூலை எழுதியபோது இந்தச் சூக்தத்தை நேராக எடுத்துக்கொண்டு வாதாடினார். காரணம் எளிது. ஒரு சட்டத்தை மாற்றிவிடலாம், ஓர் அரசனைக்கூட மாற்றிவிடலாம். உலகமே அப்படித்தான் உண்டாயிற்று என்று சொல்லிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

விலா எலும்புக் கதையும் அப்படித்தான். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே படைக்கப்படுகிறார்கள். விலா எலும்பு வருவது இரண்டாம் அதிகாரத்தில். இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்க, உலகம் நினைவில் வைத்துக்கொண்டது இரண்டாவதைத்தான். பெண் போதிக்கக்கூடாது என்பதற்கு, ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டான் என்பதையே காரணமாகக் காட்டும் வாசகம் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போதித்துப் பிழைக்கும் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சற்றே சிரிப்பும் வரும்.

அப்படியானால் படைத்தவள் பெண்ணாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பக்கத்துச் சீனப்பள்ளியில் பணிபுரியும் தோழி ஒருவர் நூவா தேவியின் கதையைச் சொன்னார். மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதரைச் செய்தவள் அவள். செய்து செய்து கை சோர்ந்ததும், ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்து இழுத்தாளாம். தெறித்த துளிகளும் மனிதர்களாயின. கையால் பிசையப்பட்டவர்கள் செல்வர்களும் உயர்குடியினரும். கயிற்றுச் சேற்றில் பிறந்தவர்கள் ஏழைகள். படைத்தவள் பெண்தான், ஆனாலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது. சீனத்துப் பெண்களின் கால்களை நூற்றாண்டுக் கணக்கில் கட்டிவைத்த சமூகமும் அதுதானே என்று தோழியே சொல்லிப் பெருமூச்சுவிட்டார்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். அந்த மாணவி தலைவியானாள், வாக்கு வாக்குத்தான். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. உலகம் எப்படித் தோன்றியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள் என எல்லாருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தேன். பெரும்பாலோர் இணையத்திலிருந்து படியெடுத்து வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் பாட்டி சொன்ன கதையை இரண்டு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியான பிறகு பூச்சோங்கில் மகனின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

கதை இதுதான். முதலில் ஒன்றுமில்லை, ஆதிசக்தி மட்டும் இருந்தாள். அவளே பிரம்மாவையும் விஷ்ணுவையும் சிவனையும் உண்டாக்கினாள். பிறகு, "என்னை மணந்துகொள்" என்று பிரம்மாவைக் கேட்டாள். நீ எனக்குத் தாயல்லவா என்று அவர் மறுத்தார். நெற்றிக்கண்ணால் அவரைச் சாம்பலாக்கினாள். விஷ்ணுவுக்கும் அதே கதி. சிவன் மட்டும் தந்திரசாலி. "மணக்கிறேன், முதலில் உன் நெற்றிக்கண்ணை எனக்குக் கொடு" என்றார். கொடுத்தாள். அந்தக் கண்ணாலேயே அவளை எரித்தார். அண்ணன்மார் இருவரையும் எழுப்பிய பின், அவளுடைய சாம்பலை மூன்று பங்காக்கி, சரஸ்வதி, இலட்சுமி, பார்வதி என மூன்று பெண்களைச் செய்து, ஆளுக்கொருவராய் மணந்துகொண்டார்கள்.

இந்தக் கதை அந்தப் பாட்டியின் கற்பனையன்று. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் நாட்டார் வழக்கில் பல வடிவங்களில் வாழ்கிறது. கன்னடத்து மலை மாதேசுவரர் வாய்மொழிக் காவியமும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், "தாய் பிள்ளைகளை மணக்கக் கேட்பதா? இதைப் பள்ளியில் எப்படிச் சொல்வது?" என்பதுதான். அந்த மாணவி மாவட்டக் கதை சொல்லும் போட்டிக்கு இதையே சொல்ல விரும்பினாள். நான் வேண்டாம் என்றேன். விநாயகர் அம்மையப்பனைச் சுற்றிவந்து மாம்பழம் பெற்ற கதையைக் கையில் கொடுத்தேன். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாதுகாப்பான வழி அது. நடுவருக்கும் தெரிந்த கதை, பெற்றோருக்கும் பிடித்த கதை. அவள் அழகாகச் சொல்லி இரண்டாம் பரிசும் வாங்கினாள்.

பரிசுக் கோப்பையோடு திரும்பிவரும் வழியில், என் மகிழுந்தின் பின்னிருக்கையிலிருந்து ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், ஆதிசக்தி ஏன் அந்தக் கண்ணைக் குடுத்தாங்க? குடுக்காம இருந்திருந்தா இன்னும் அவங்கதான பெரியவங்க?" எல்.டி.பி. நெடுஞ்சாலையில் வழக்கமான மாலை நெரிசல். நகராத வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் பிருகதாரண்யக உபநிடதத்தின் தமிழ்ப் பெயர்ப்பு ஒன்று கையில் கிடைத்தது. அதிலும் ஒரு படைப்புக் கதை. ஆதியில் ஆன்மா தனித்திருந்தது. தனிமையில் அதற்கு இன்பமில்லை. தன்னையே இரண்டாகப் பிளந்தது. கணவனும் மனைவியும் உண்டாயினர். அப்போது அந்த முதற்பெண் ஒன்று நினைக்கிறாள்: தன்னிலிருந்தே என்னை உண்டாக்கிவிட்டு என்னோடு எப்படிக் கூடலாம்? நான் ஒளிந்துகொள்கிறேன். அவள் பசுவாகிறாள், அவன் காளையாகிப் பின்தொடர்கிறான். அவள் பெண்குதிரையாகிறாள், அவன் ஆண்குதிரையாகிறான். இப்படியே எறும்பு வரைக்கும் எல்லா உயிர்களும் பிறக்கின்றன.

புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் கதையும் இதுவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. தன்னால் உண்டானவரைத் தானே கூடலாமா? உபநிடதத்தில் கேட்பவள் பெண். அவள் மறுப்புக்கு யாரும் செவிசாய்க்கவில்லை. அவளுடைய ஓட்டத்திலேயே உலகம் நிறைந்துவிட்டது. நாட்டார் கதையில் மறுப்பவர்கள் ஆண்கள். அந்த மறுப்பு தருமமாகிறது, கேட்டவள் சாம்பலாகிறாள். ஆசை அவனுக்கு வந்தால் படைப்பு, அவளுக்கு வந்தால் குற்றம். நான் முறைகேடு என்று ஒதுக்கிய கதை உண்மையில் எதைப் பற்றியது என்பது அப்போதுதான் உறைத்தது. அது அதிகாரம் கைமாறிய கதை. அதில் ஒளிவுமறைவு இல்லை. கண் முதலில் யாரிடம் இருந்தது, எப்படி வாங்கப்பட்டது, பிறகு என்ன செய்யப்பட்டது எல்லாம் வெளிப்படையாகவே இருக்கிறது. பெரிய புராணிகர்கள் மறைத்துவிடுகிற இடத்தைத் தோட்டத்துக் கிழவி மறைக்கவில்லை.

மதுரைத் தடாதகையும் நினைவுக்கு வந்தாள். திக்குவிசயம் சென்று வென்ற அரசி, சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைந்து நாணி நின்றாள் என்கிறது திருவிளையாடல். ரேணுகையும் வந்தாள். நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலை வியந்து பார்த்ததற்காக, கணவன் சொல்லி மகன் கையால் தலை வெட்டுண்டவள். உயிர்ப்பிக்கும்போது தலையும் உடலும் மாறிப்போய் மாரியம்மனானவள். அந்த மாரிதான் நம் தோட்டங்களின் தாய்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். லயத்து வீடுகளின் முனையில் மாரியம்மன் கோயில். திருவிழாவுக்குக் கோலமிட்டதும் பொங்கலிட்டதும் பால்குடம் எடுத்ததும் அம்மாவும் மற்றப் பெண்களும். ஆனால் கோயில் கூட்டத்தில் ஒரு பெண்ணும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பதின்மூன்று வயதானபோது, கொடிமரத்தைத் தாண்டி வராதே என்று ஒரு பெரியவர் சத்தமிட்டார். எந்த நாள் என்பதை அவர் எப்படியோ அறிந்திருந்தார். உள்ளே இருந்தவளும் பெண்தானே என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கூலியிலும் இதே கணக்குத்தான். என் கொள்ளுப்பாட்டி காலத்தில், 1920களின் இறுதியில், மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுத்திருந்தார்கள். 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது அது 40ஆகவும் 32ஆகவும் குறைந்தது. விடியற்காலைப் பிரட்டுக்கு இருவரும் ஒரே நேரத்தில்தான் நின்றார்கள். வெள்ளைக்காரத் துரை ரேணுகை கதையைக் கேட்டுவிட்டுக் கூலி நிர்ணயிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்துக் காசு வேறுபாடு லயத்தில் யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லையே, அதற்குக் கதைகள் பொறுப்பில்லையா?

இந்த ஆண்டு அந்த மாணவி ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் பள்ளி வாயிலில் அவளை அழைத்துப்போக வந்த பாட்டியிடம், போன ஆண்டு கதையை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டிச் சிரித்தார்.

"அட, நீங்க வேற டீச்சர். நானே மாத்திதான் சொன்னேன். எங்க ஆத்தா சொன்னதுல அவ கண்ணைச் சும்மா தூக்கிக் குடுக்கல. 'மூணு பேரும் சேந்து ஏமாத்திப் பிடுங்கிக்கிட்டானுங்க'ன்னுதான் ஆத்தா சொல்லும். சின்னப் புள்ளைக்குப் பயமா இருக்குமேன்னு நான் குடுத்தான்னு சொல்லிட்டேன்."

பேத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஏன் பாட்டி என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லடி. நீ வளந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

நானும் அவருமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பெண்கள், ஒரே கதை, ஆளுக்கொரு வெட்டு.

இவ்வாண்டு மாவட்டப் போட்டிக்கு அவள் ஆதிசக்தி கதையைத்தான் சொல்லப்போகிறாள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், திருமணப் பகுதியைச் சற்றுப் பக்குவமாகச் சொல்லச்சொன்னார், ஒப்புக்கொண்டேன். பாட்டியின் முடிவு, கொள்ளுப்பாட்டியின் முடிவு இரண்டையும் சொல்வேன் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள். அனுமதிக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். நேற்று கடிகாரம் வைத்துப் பார்த்ததில் ஆறு நிமிடம் இருபது விநாடி வந்தது. எந்தப் பகுதியை விடுவது என்று நாளை மூவரும் உட்கார்ந்து பேசுகிறோம். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.