சிறு விமானங்களின் நகரம்

யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில், சுருகா விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது சிசுவோகா நகரம். அதிவேகப் புகையிரதத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். ஒருபுறம் கடல், மறுபுறம் தேயிலைச் சரிவுகள். ஆயினும், பலர் இந்நகரைத் தேடி வருவது இவற்றைக் காண்பதற்கன்று. பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் மாதிரி விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் உலகெங்கும் பெயர்பெற்ற நகரம் இது. இங்குள்ள வீதியொன்றில், மாதிரிப் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களைப் போலவே, தபாற்பெட்டி ஒன்று பெரியதொரு சட்டத்தினுள் நிற்கக் கண்டு வியந்தோம். அதிற் கடிதமும் போடலாம்!

இக்கலை இங்கு வேரூன்றியமைக்குக் காரணம் உண்டு. செங்கென் ஆலயத் திருப்பணிக்காக முற்காலத்தில் வந்து குடியேறிய தச்சர்களின் கைத்திறன் இந்நகரில் நிலைத்தது. 1946இல் மரத்தொழிலாகத் தொடங்கிய தாமியா நிறுவனம் பின்னர் மரத்தால் மாதிரிகள் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. விமான மாதிரிகளுக்குப் புகழ்பெற்ற அசெகாவா நிறுவனமோ அயல் நகரமான யாய்சுவுக்கு உரியது.

சீரோ என்னும் போர்விமானத்தின் பெட்டியைத் திறந்து பார்ப்போம். சட்டங்களில், கொடியிற் காய்கள் போலப் பாகங்கள் தொங்குகின்றன. அவற்றைக் குறட்டினால் நறுக்கி, அரத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் விமானியின் ஆசனத்திற்கு வர்ணம் பூசுவர். உடலின் இரு பாதிகளும் ஒட்டப்பட்ட பின் தூரிகை உள்ளே செல்லாது. பசையானது பிளாஸ்டிக்கையே இளக்கி இணைப்பதால், ஒரு துளி மிகுந்தாலும் வடு நிலைத்துவிடும். கண்ணாடி மூடியை ஒட்டுநாடாவால் மறைத்து, அதன் சட்டங்களுக்கு மாத்திரம் வர்ணம் இடுவர். வர்ணத்தை மெல்லிய பூச்சாக இட்டு, ஒன்று காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். சாம்பல்நிற உடலும் கரிய இயந்திர மூடியும் முடிந்தபின், நீரில் நனைத்த தாளிலிருந்து செஞ்சூரிய வட்டம் வழுக்கி வந்து சிறகில் அமர்கின்றது. பொறுமையைக் கற்பிக்க இதனினும் நல்ல ஆசிரியர் அரிது.

ஆனால் இவ்விமானம் இலங்கையராகிய எமக்கு அந்நியமானதன்று. 1942 ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மீதும், 9ஆம் திகதி திருகோணமலை மீதும் குண்டுவீச வந்த விமானங்களுக்குக் காவலாகப் பறந்தவை சீரோ விமானங்களே. 12 மீற்றர் அகன்ற அதன் சிறகுகள், 48இல் ஒரு பங்கு மாதிரியில் 25 சதமமீற்றராகச் சுருங்குகின்றன. விமானியின் உயரமோ மூன்றரைச் சதமமீற்றர். அவ்வுருவை வைக்காது, ஆசனத்தை வெறுமையாகவே விடுபவரும் பலர்.

சிசுவோகாவும் குண்டுமழையை அறிந்த நகரமே. 1945 யூன் 19ஆம் திகதி நள்ளிரவை அண்டி அமெரிக்காவின் பி-29 விமானங்கள் அதனைத் தீக்கிரையாக்கின. ஏறத்தாழ 2,000 மக்கள் மாண்டனர். அவ்வேளையில் இரு விமானங்கள் வானில் மோதி வீழ்ந்து, அவற்றிலிருந்த 23 பேரும் இறந்தனர். இத்தோ புக்குமத்சு என்னும் நகரவாசி, தம் மக்களோடு அப்பகைவரையும் அடக்கம் செய்தார். அதற்காக அயலவரின் வசையையும் ஏற்றார். பிற்காலத்தில், செங்கென் ஆலயத்தின் பின்னுள்ள சிசுகத்தா குன்றின்மேல் இரு தரப்பாருக்கும் நினைவுக்கற்கள் எழுந்தன. அங்கு நிகழும் நினைவு வழிபாட்டில் யப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து நின்று, சிதைவிலிருந்து எடுத்த கருகிய குடுவையால் மது வார்த்து அஞ்சலி செலுத்துவர்.

கடைவீதியில் விமானம் வாங்கும் பிரயாணிகள் அக்குன்றின்மேலும் ஏறிப் பார்த்தல் வேண்டும். கைத்திறன் வளர்க்கும் இப்பொழுதுபோக்கைப் பிள்ளைகளுக்கு மறுக்க வேண்டியதில்லை. எனினும் எந்தப் பெட்டியிலும் இல்லாத பாகம் ஒன்றுண்டு. அவ்விமானத்தின் கீழே வாழ்ந்த மக்களின் கதையே அது. வர்ணம் காயும் வேளையில் அக்கதையைச் சொல்லிக் கொடுத்தல் பெற்றோராகிய நமது கடன்.