லீவ் என்னும் ஒரு சொல்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர்க்கு அம்மொழியின் அருஞ்சொற்களால் பெரும் இடர் நேர்வதில்லை. அருஞ்சொல்லைக் கண்டதும் அகராதியைப் புரட்டுகிறோம், பொருள் விளங்கிவிடுகிறது. நாள்தோறும் நாவில் புழங்கும் எளிய சொற்களே நம்மை ஏமாற்ற வல்லவை. அவற்றை முன்பே அறிவோம் என்னும் எண்ணம் நம்மை அகராதியின் பக்கம் போகவிடுவதில்லை.

அத்தகைய ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘லீவ்’. மழை பெய்தால் லீவு, பெருநாள் வந்தால் லீவு, காய்ச்சல் கண்டால் லீவு என்று ஈற்றில் ஓர் உகரத்தைச் சேர்த்து அதனைத் தமிழ்ச்சொல் போலவே ஆக்கிக்கொண்டோம். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆராயப் புகுந்தது சிலர்க்கு வியப்பளிக்கலாம். என் மாணவர்கள் நாள்தோறும் எழுதித் தரும் சொல் அது. என் குடும்பத்தின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

“இன்று கல்லூரி லீவு” என்கிறோம்; “நான் இன்று லீவு” என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. ஊரார் அனைவர்க்கும் பொதுவாக வரும் ஓய்வுநாள் ‘ஹாலிடே’. புனித நாள் என்னும் பொருளுடைய சொற்றொடரிலிருந்து பிறந்தது அச்சொல். தனி ஒருவர் கேட்டுப் பெறுவது ‘லீவ்’. முன்னது நாளுக்கு உரியது. பின்னது ஆளுக்கு உரியது. இவ்வேறுபாட்டைத் தமிழும் செம்மையாகப் பேணுகிறது. அரசு அலுவலகங்களில் பொங்கலும் ரமலான் பெருநாளும் ‘பொது விடுமுறை’. ஊழியர் எடுப்பதோ ‘தற்செயல் விடுப்பு’, ‘ஈட்டிய விடுப்பு’, ‘மருத்துவ விடுப்பு’. விடுப்பில் இருப்பவரை ‘ஆன் லீவ்’ என்று குறிப்பதே ஆங்கில மரபு. மாணவர் பலர் ‘இன் லீவ்’ என எழுதுகின்றனர், அது மரபன்று.

விடுப்பைக் கேட்டுப் பெற வேண்டியிருப்பது ஏன்? இச்சொல்லின் முதற்பொருளே ‘இசைவு’ என்பதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘அனுமதி’ என்னும் பொருளில் வழங்கிய சொல் இது. ‘நம்புதல்’ எனப் பொருள்படும் ‘பிலீவ்’, ‘அன்பு’ எனப் பொருள்படும் ‘லவ்’ ஆகியவற்றோடு இதற்கு வேர்வழி உறவு உண்டு என்பர் சொற்பிறப்பியலார். நம் உச்சநீதிமன்றத்தில் அரசமைப்பின் 136ஆம் பிரிவின்கீழ்த் தாக்கல் செய்யப்படும் ‘ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்’ என்பதில் அப்பழம்பொருள் இன்றும் வாழ்கிறது. அதனைச் ‘சிறப்பு விடுமுறை மனு’ என்று மொழிபெயர்த்தால் நீதியரசரே ஓய்வு கேட்கிறாரோ என்ற நகைப்பிற்கு இடமாகிவிடும். மேல்முறையீடு செய்யச் சிறப்பு அனுமதி கோரும் மனு என்பதே அதன் பொருள். ‘டேக் லீவ் ஆஃப்’ என்றால் ஒருவரிடம் விடைபெறுதல். தமிழில் ‘விடை’ என்பதற்கும் செல்வதற்கான இசைவு என்னும் பொருள் உண்டன்றோ? உருதுவில் வழங்கும் ‘ருக்ஸத்’ என்னும் சொல்லும் இசைவு, விடுப்பு, பிரிவு ஆகிய மூன்றையும் சுட்டும்.

இனி, வினைச்சொல்லாக வரும் ‘லீவ்’ என்பதைக் காண்போம். உருவம் ஒன்றாயினும் இதன் பிறப்பு வேறு. இதன் இறந்தகால வடிவம் ‘லெஃப்ட்’. ‘லெஃப்ட் சென்னை’ என்றால் சென்னையை விட்டு நீங்கினார். ‘லெஃப்ட் ஃபார் சென்னை’ என்றால் சென்னையை நோக்கிப் புறப்பட்டார். இடையே வரும் ஒரு சிறு சொல் பயணியின் திசையையே மாற்றிவிடுகிறது. ‘லீவ் இட் டு மீ’ என்றால் ‘அதனை என் பொறுப்பில் விடுங்கள்’ என்பது பொருள். ‘லீவ் த டோர் ஓப்பன்’ என்றால் கதவு திறந்தபடியே இருக்கட்டும். பத்தில் ஏழு போனால் மூன்று ‘லீவ்ஸ்’ என்பர்; அஃதாவது மூன்று எஞ்சும். ஒருவர் தம் மக்களுக்குச் சொத்து வைத்துச் செல்வதும் இவ்வினையாலேயே குறிக்கப்படும். இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’, இலைகளைக் குறிக்கும் ‘லீவ்ஸ்’ ஆகியன இதனோடு தொடர்பற்ற வேறு சொற்கள் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்க. ஒலிப்பிலும் கருத்து வேண்டும். குறிலாக ஒலித்தால் ‘லிவ்’, வாழ்தல்; நெடிலாக ஒலித்தால் ‘லீவ்’, நீங்குதல். குறில் நெடில் வேறுபாட்டைத் தொட்டிலிலேயே கற்றுவிட்ட தமிழ் மாணவர்க்கு இதில் தடுமாற்றம் நேர வேண்டியதில்லை.

நீங்குதல், ஒப்படைத்தல், எஞ்சுதல், வைத்துச் செல்லுதல் எனப் பலவாகப் பிரியும் இப்பொருள்களை இணைக்கும் இழை எது? ‘எஞ்சியிருக்கச் செய்தல்’ என்பதே இவ்வினையின் தொல்பொருள். ‘செல்லுதல்’ என்பது பின்னர் வந்து சேர்ந்தது. இச்சொல் முதலில் பார்த்தது பின்னால் நின்றுவிட்டதை. போகின்றவர் மீது அதன் பார்வை பிற்பாடுதான் திரும்பியது. தமிழின் ‘விடு’ என்னும் வினையும் இதற்கு இளைத்ததன்று. விடுதலையும் விடுப்பும் விடையும் அதிலிருந்து பிறந்தன; வழிப்போக்கர் தங்கும் விடுதியும் அதிலிருந்தே பிறந்தது. முதலெழுத்து நீண்டு ‘வீடு’ ஆகியபோது அது பற்றற்ற பேரின்ப நிலையையும் குறித்தது. நாம் குடியிருக்கும் இல்லத்தையும் குறித்தது. நீங்குவதும் நிலைப்பதும் ஒரே வேரில் கிளைத்திருக்கும் விந்தையை இரு மொழிகளிலும் காண்கிறோம்.

இவ்விரு ‘லீவ்’களும் ஒருங்கே குடியிருந்த வீடு என்னுடையது. என் வாப்பா வளைகுடா நாடொன்றில் சமையல் பணி செய்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அவர் எங்களை விட்டுச் சென்றதும் ‘லீவ்’. எங்களிடம் திரும்பி வந்ததும் ‘லீவ்’. “வாப்பாவுக்கு லீவு கெடச்சிருச்சாம்” என்று கடிதத்தைப் படித்து உம்மா சொல்லும் நாளே எங்களுக்குப் பெருநாள். ஒருமுறை அந்த விடுப்பு ஏழு திங்கள் தள்ளிப்போயிற்று. காரணம் கேட்டு உம்மா எழுதிய மடலுக்கு வாப்பா எழுதிய மறுமொழி ஒரே வரி: “அவர் உத்தரவு கொடுத்தால்தானே வர முடியும்?” கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. லீவ் என்றால் இசைவு என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அவ்வரிதான். அகராதி அதனைப் பின்னர் உறுதிசெய்தது.

வாப்பாவின் காலம் கடந்துவிட்டது. கத்தார் 2018ஆம் ஆண்டிலும் சவூதி அரேபியா 2021ஆம் ஆண்டிலும் கொண்டுவந்த சீர்திருத்தங்கள், தொழிலாளர் பலர் முதலாளியின் இசைவை எதிர்பாராமல் நாட்டைவிட்டு வெளியேற வழிவகுத்தன. நம் நாட்டிலும் விடுப்பு என்பது முதலாளியின் கருணையாக இருந்த நிலை மாறிச் சட்டம் தரும் உரிமையாக மலர்ந்த வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவர்க்கு 20 வேலைநாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வகுத்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 12 வார மகப்பேறு விடுப்பை, முதல் இரு மகப்பேறுகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது 2017ஆம் ஆண்டின் திருத்தம். இரந்து பெற்ற இசைவு, கேட்டுப் பெறும் உரிமையாக உயர்ந்திருக்கிறது.

எனினும், இச்சொல்லே எட்டாத மாந்தர் நம்மிடையே எத்தனை பேர்! நாட்கூலிக்குச் செல்பவர் ஒருநாள் படுத்துவிட்டால் அதற்குப் பெயர் விடுப்பன்று, பட்டினி. வாப்பா இல்லாத அந்த ஆண்டுகள் முழுவதும் அடுப்படியையும் நான்கு பிள்ளைகளையும் நோயுற்ற மாமியாரையும் தாங்கிய என் உம்மா எவரிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்திருப்பார்? விட்டுச் சென்றவரின் துயரை ஊரார் பேசினர். எஞ்சி நின்றவரின் துயருக்குச் சொல் இல்லாதிருந்தது. அந்த ஆங்கில வினையின் தொல்பொருளைப் படித்த நாளில் எனக்கு உம்மாவின் முகமே நினைவுக்கு வந்தது.

மாணவச் செல்வங்களே! ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனனம் செய்து நிறைவு கொள்ளாதீர்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து நடக்கிறது, எந்த இடைச்சொல் அதன் திசையைத் திருப்புகிறது, எவர் வாயில் அது உரிமையாகவும் எவர் வாயில் இறைஞ்சுதலாகவும் ஒலிக்கிறது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை அவ்வாறு கற்றால் தமிழும் உங்களுக்குப் புதிதாய்த் துலங்கும். உங்களுள் பலர் பட்டம் பெற்று வேற்றூருக்கும் வேற்று நாட்டிற்கும் புறப்படுவீர்கள். பணி ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடுமுன் விடுப்பு பற்றிய பத்தியை இருமுறை படியுங்கள். அச்சொல் அங்கே உரிமையாக எழுதப்பட்டிருக்கிறதா, பிறர் இசைவுக்குக் கட்டுண்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் மரபில் ‘போகிறேன்’ என்று எவரும் விடைபெறுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். வாசலில் நிற்பவருக்கு நாம் விட்டுச் செல்லும் உறுதிமொழி அது.