கடைக் கல்வியும் கணினிப் பரீட்சையும்

எமது தீவுப்பகுதி மக்களுக்கு வணிகம் புதியதொன்றன்று. ஊர்காவற்றுறையிலே பாய்க்கப்பல்களும் தோணிகளும் சரக்கேற்றி இறக்கிய காலமொன்று இருந்தது. அத்துறைக்கு அயலிலே கிடக்கும் கரம்பொன்னிலிருந்தும், வேலணை, புங்குடுதீவு, அனலைதீவு முதலிய இடங்களிலிருந்தும் இளைஞர் பலர் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று கடைகளிலே தொழில் பழகினர். முதலிலே கடையைக் கூட்டுதல், பின்னர் நிறுத்துக் கொடுத்தல், அதன்பின் கணக்கெழுதுதல், நற்காலம் வாய்த்தாற் பங்காளியாதல் என்று படிப்படியாக ஏறுதலே அவர்களுடைய வணிகக் கல்வி. அவர்களுக்கும் அனுமதிப் பரீட்சை இல்லாமலில்லை. முதலாளி பணப்பெட்டியைத் திறந்தபடியே விட்டுச் சாப்பிடச் செல்வார். பையனுடைய கைக்கும் கணக்குக்கும் ஒருங்கே சோதனை நடந்துவிடும்.

இன்று வணிகத்தைப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன. வியாபார நிருவாக முதுமாணிப் பட்டம் பெற விரும்பி வெளிநாட்டுக் கல்விக்கூடங்களின் கதவைத் தட்டுவோர் பலர், கணினி முன்னமர்ந்து ஒரு பரீட்சையை எழுத வேண்டியிருக்கின்றது. ஜீமாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அப்பரீட்சையைப் பற்றியே எமது இல்லத்திலே சென்ற பல மாதங்களாகப் பேச்சு. எம் தங்கையின் மகள் யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றிலே கடமையாற்றுபவள், மேற்படிப்புக்கு ஆசைப்பட்டாள். அவளுக்குத் துணையாயிருந்து நாம் அறிந்தவற்றை, அவள் போன்ற பிள்ளைகளை உடைய குடும்பத்தாருக்குச் சொல்லுதல் பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

இப்பரீட்சைக்கு வயது எழுபதுக்கு மேலாகின்றது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒன்பது வணிகக் கல்விக்கூடங்கள் ஒன்றுகூடி, தம்மிடம் விண்ணப்பிப்போரை ஒரே அளவுகோலால் அளக்க விரும்பின. அடுத்த ஆண்டே முதற் பரீட்சை நடைபெற்றது. 1997 முதல் அது கடதாசியை விட்டுக் கணினிக்கு மாறியது. 2023 நவம்பரில் புதியதொரு வடிவம் அறிமுகமாகி, 2024 பெப்ரவரி முதல் அதுவே தனித்து நிற்கின்றது. ஆகவே பழைய நூல்களை இரவல் வாங்கிப் படிப்போர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். முன்பிருந்த கட்டுரையெழுதும் பகுதியும், வாக்கியத் திருத்தமும், கேத்திரகணிதமும் இப்போது இல்லை.

இப்பொழுதுள்ள பரீட்சை மூன்று பகுதிகளைக் கொண்டது. கணிதப் பகுதியில் 21 வினாக்கள், மொழிப் பகுதியில் 23, தரவுகளை ஆராயும் பகுதியில் 20. ஆக மொத்தம் 64. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். இரண்டே கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். எப்பகுதியை முதலில் எழுதுவது என்பதைப் பரீட்சார்த்தியே தீர்மானிக்கலாம். இடையிலே விரும்பினாற் பத்து நிமிட ஓய்வு ஒருமுறை உண்டு. அதற்கு மேலே தாமதித்தால் அடுத்த பகுதியின் நேரத்திலே கழிந்துபோகும்.

கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வினாவுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமே கிடைக்கின்றது. மூன்று மணி நேரம் விடாது எழுதி, மேலதிக தாள் கேட்டு வாங்கி, நூல்கட்டிக் கொடுத்துப் பழகிய எமது பிள்ளைகளுக்கு இதுவே முதல் அதிர்ச்சி. இங்கே பாடமாக்கியதை ஒப்புவிக்க இடமில்லை. எண்கணிதமும் அட்சரகணிதமும் பள்ளிக்கூடத்திலே படித்தவைதாம். அவற்றை எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்பதே கேள்வி.

உதாரணமொன்று சொல்லுவோம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகொன்றிலே ஆடவரும் பெண்டிரும் பயணஞ் செய்கின்றனர். பெண்டிர் எத்தனை பேர் என்பது வினா. இரண்டு தகவல்கள் தரப்படுகின்றன. முதலாவது, படகிலுள்ளோர் மொத்தம் 60 பேர். இரண்டாவது, ஆடவர் தொகை பெண்டிர் தொகையின் இருமடங்கு. இவற்றுள் ஏதேனும் ஒன்று தனித்துப் போதுமா, இரண்டும் சேர்ந்தாற் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதையே கேட்கின்றார்கள். இரண்டும் சேர்ந்தாற் போதும் என்று கண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். இருபது பெண்டிர் என்று கணக்கை முடித்துப் பார்ப்பவன் நேரத்தை வீணாக்கியவனாவான். தரவுப் பகுதியில் இத்தகைய வினாக்களுடன் அட்டவணைகளும் வரைபுகளும் வரும். அப்பகுதிக்கு மட்டும் கணினித் திரையிலே கணிப்பான் ஒன்று தரப்படும். கணிதப் பகுதியிலே மனக்கணக்கும் கைக்கணக்குமே துணை.

மொழிப் பகுதியிலே ஆங்கிலப் பந்திகளைப் படித்து விளங்குதலும், ஒருவருடைய வாதத்தின் பலத்தையும் பலவீனத்தையும் காணுதலும் சோதிக்கப்படும். ஆனி மாதத்திலே நயினாதீவிற் கடைக்காரர் ஒருவர் புதிய விளம்பரப் பலகை மாட்டினார், அம்மாதமே சர்பத் விற்பனை பெருகியது, ஆதலாற் பலகையே காரணம் என்று ஒருவர் சொன்னால், அது நாகபூசணி அம்மன் திருவிழாக் காலமல்லவா என்று கேட்கத் தெரிந்தவன் இவ்வகை வினாவை வென்றுவிடுவான்.

ஆங்கிலம் எமது கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று கைவிடுவாரும் உளர். 1913ஆம் ஆண்டிலே கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளார், ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே படிப்பைத் தொடங்கி, பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்று, தமிழின் பெருமையை உலகம் அறிய ஆங்கிலத்திலே சஞ்சிகை நடத்தினார். ஆங்கிலம் பழகிவரும் ஒரு பொருள். நாள்தோறும் அரை மணி நேரம் நல்ல கட்டுரைகளைப் படித்து, எழுதியவர் என்ன சொல்லுகின்றார், எதற்காகச் சொல்லுகின்றார் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சில மாதங்களில் வேற்றுமை தெரியும்.

இனி, இப்பரீட்சையின் விசித்திரமான இயல்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் வருவதில்லை. ஒருவர் சரியாக விடையளித்தால் அடுத்துக் கடினமான வினாவைக் கணினி தரும். தவறினால் எளியதைத் தரும். இவ்வாறு ஏற்றியும் இறக்கியும் அவருடைய தரத்தை அது கண்டுபிடிக்கின்றது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பரீட்சை கடினமாகவே தோன்றும். வினாக்கள் கடினமாகின்றனவே என்று கலங்குதல் வேண்டாம். அது நன்றாகச் செய்ததன் அடையாளமாயும் இருக்கலாம். விடையளிக்காமல் அடுத்த வினாவுக்குச் செல்ல இயலாது. பகுதி முடிவிலே நேரம் மிஞ்சினால் திரும்பிப் பார்க்கலாம். ஆயினும் மூன்று விடைகளை மாத்திரமே மாற்றலாம். வினாக்களை முடிக்காது விட்டாற் புள்ளியிலே தண்டம் உண்டு.

இந்த இடத்திலேதான் எம் மருமகள் இடறினாள். பரீட்சையை நடத்துவோரே இலவசமாகத் தரும் மாதிரிப் பரீட்சைகள் இரண்டு உள. அவற்றுள் முதலாவதை வீட்டிலிருந்து எழுதியபோது, மொழிப் பகுதியின் 23 வினாக்களில் ஆறு வினாக்களை அவள் காணவேயில்லை, நேரம் முடிந்துவிட்டது. எடுத்த காரியத்தை முடிக்காமல் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. விளங்காத வினாவொன்றோடு ஐந்து நிமிடம் போராடியிருக்கின்றாள்.

கொழும்பிலே விசேட வகுப்பொன்றுக்குப் போனால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். கட்டணத்தைக் கேட்டபோது எமக்கு மூச்சு நின்றது. தங்கை தன் கையிலிருந்த காப்புகள் இரண்டையும் அடைவு வைக்க ஆயத்தமானாள். இடப்பெயர்வுக் காலத்திலும் கழற்றாது காத்த காப்புகள் அவை. பலசரக்குக் கடை நடத்தும் எம் மைத்துனருக்கோ இப்பரீட்சையிலே நம்பிக்கையில்லை. "கடை நடத்திறதுக்கு ஒரு சோதினையோ, மச்சான்? சரி, பாஸ் பண்ண எத்தினை புள்ளி வேணும்?" என்று எம்மைக் கேட்டார்.

தேறுதல், தவறுதல் என்ற பேச்சே இதில் இல்லை என்று நாம் விளக்கினோம். மொத்தப் புள்ளி 205இலிருந்து 805 வரை செல்லும். ஒவ்வொரு கல்விக்கூடமும் தான் விரும்பும் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். பின்னர், மகள் ஒரு வினாவுக்காக ஆறு வினாக்களை இழந்த கதையையும் சொன்னோம். மைத்துனர் சற்று நேரம் பேசாதிருந்தார். அப்பால் மகளை அழைத்து, "பிள்ளை, விலைபோகாத சரக்கைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் முதலும் போயிடும். வந்த விலைக்குத் தள்ளிப்போட்டு அடுத்த சரக்கைப் பார்" என்றார்.

எத்தனையோ நூல்களிலே நாம் தேடிய உபதேசத்தைக் கடைக்காரர் ஒருவர் ஒரே மூச்சிலே சொல்லிவிட்டார். இப்பரீட்சை சோதிப்பது இதனையே. கையிலிருக்கும் முதல் நாற்பத்தைந்து நிமிடம். அதனை எங்கே செலவிடுவது, எங்கே நட்டத்தை ஏற்று நகருவது என்று தீர்மானிக்கும் பக்குவமே பாதி வெற்றி. அன்று முதல் எம் மருமகள் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, இரண்டரை நிமிடத்துக்கு மேல் இழுக்கும் வினாவுக்கு ஊகித்து விடையளித்துவிட்டு அப்பாற் செல்லப் பழகினாள். நாலு மாதம் இவ்வாறு சென்றது. வகுப்புக்குப் போகவில்லை; காப்புகளும் தங்கையின் கையிலேயே இருக்கின்றன.

பரீட்சை நாளைப் பற்றியும் சில வார்த்தைகள். ஏற்கப்படும் அடையாளச் சான்று இல்லாமற் பரீட்சை மண்டபத்துள் நுழைய எண்ணலாகாது. பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர் அச்சான்றிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் எமது வழக்கத்தினால் எது குடும்பப் பெயர், எது இடுபெயர் என்ற மயக்கம் எழுவதுண்டு. பெயர் மாறியிருந்தாற் கட்டிய பணமும் போய், வாயிலிலிருந்தே திரும்ப நேரும். மண்டபத்திலே படம் எடுப்பார்கள். உள்ளங்கையைக் கருவியிலே பதிவார்கள். தொலைபேசி, கைக்கடிகாரம், பணப்பை எல்லாம் பெட்டகத்துள் வைக்கப்படும். திருநீற்றுப் பொட்டலமானாலும் செபமாலையானாலும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். வேண்டுதலை வெளியிலேயே முடித்துக்கொள்ளுதல் நன்று. கடதாசிக்குப் பதிலாக அழித்தெழுதும் பலகைத் தாளும் பேனாவும் கொடுப்பார்கள். அதில் எழுதவும் முன்கூட்டிப் பழக வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே எழுதும் வசதியும் உண்டு. ஆனால் அறையிலே வேறொருவரும் இருத்தலாகாது, இணையம் அறுதலாகாது, கமரா இடையறாது பார்த்துக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றாலும், பாட்டியார் அன்போடு தேநீர் கொண்டு கதவைத் திறந்தாலும் ஆபத்தே. ஆதலால் எம் மருமகள் கொழும்பையே தெரிந்தாள். பண்ணைப் பாலத்தைக் கடந்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணம். இரவுப் பேருந்திலே விழித்துச் சென்று காலையிற் பரீட்சை எழுதாதீர்கள். ஒருநாள் முந்திச் சென்று உறங்கி எழுதல் வேண்டும்.

எழுதி முடித்தவுடனே புள்ளி திரையிலே தெரியும். திருப்தியில்லையெனிற் பதினாறு நாள் கழித்து மீண்டும் எழுதலாம். பன்னிரண்டு மாதத்துள் ஐந்து முறை வரை இடமுண்டு. பெற்ற புள்ளி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். எம் மருமகள் பெற்ற புள்ளியை இங்கே எழுத அவள் இசையவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது என்பதோடு அமைகின்றோம்.

இது ஒன்றே வழியென்றும் எண்ண வேண்டியதில்லை. இந்திய முகாமைத்துவக் கழகங்களுக்குக் கேட் என்ற வேறொரு பரீட்சை உண்டு. 2009 முதல் அதுவும் கணினியிலேயே நடைபெறுகின்றது. 2011இலே தொடங்கிய திருச்சிராப்பள்ளிக் கழகமும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. அங்கே எல்லோருக்கும் அமைந்த வினாத்தாள் வரும். தெரிவு வினாவிலே தவறினாற் புள்ளி குறைக்கப்படும். ஆதலால் இங்கே நன்மை தரும் ஊகம் அங்கே தீமை தரலாம். எமது நாட்டிலும் முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கு இடங்கள் உள்ளன. எங்கே விண்ணப்பிப்பதென்று முதலில் முடிவுசெய்து, அவர்கள் கேட்கும் பரீட்சைக்கே பணத்தையும் காலத்தையும் செலவிடுதல் அறிவுடைமை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மண்டபத்தை விட்டு வந்ததும் "எத்தனை?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். கல்விக்கூடத்தார் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. முன்பெற்ற பட்டம், செய்த தொழில், அறிந்தவர் தரும் சான்று, விண்ணப்பத்திலே எழுதும் கட்டுரை, நேர்முகம் எல்லாம் சேர்ந்தே முடிவு பிறக்கும். இரண்டே கால் மணி நேரத்திலே ஒரு பிள்ளையின் அறிவை அளக்கலாம் என்று சொல்லுகின்றார்கள், அது உண்மையாயிருக்கலாம். கடன் கேட்டு வந்த ஏழைக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கும் கையின் தாராளத்தையும், பிறர் பணத்துக்கு முன்னே தடுமாறாத நெஞ்சையும் எந்தக் கணினியும் இன்னும் அளந்ததில்லை. அவற்றைப் பயிற்றும் பொறுப்பு முன்போலவே வீட்டாருக்கு உரியதாகும்.