விடைபெறும் முறை

ஒரு பணியை விட்டு மற்றொரு பணிக்குச் செல்வோரை உலகம் இருவகையாகப் பேசும். ஊதியம் மிகுந்தால் 'பிழைக்கத் தெரிந்தவர்' என்னும். குறைந்தால் 'பிழைக்கத் தெரியாதவர்' என்னும். இரண்டாவது பட்டத்தைப் பெற்றவர்கள் யாம்.

முதுகலைத் தமிழ் முடித்த 2003ஆம் ஆண்டிலேயே துபாய்க்குச் சென்றோம். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் பணி. ஆறாண்டுகள் அப்பணி எம் குடும்பத்துக்குச் சோறிட்டது. ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது. அதனைக் குறைகூறுதல் நன்றி மறத்தலாகும். ஆயினும் பகலெல்லாம் எண்களோடு உழன்று, இரவில் அறைத்தோழர்கள் உறங்கிய பின் சீறாப்புராணத்தைப் புரட்டும் வேளையில்தான் யாம் யாமாக இருந்தோம்.

2009ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது, இனித் திரும்பிச் செல்லாது ஆய்வியல் நிறைஞர் பட்டம் பயின்று கல்லூரி ஆசிரியராக விரும்புவதை அத்தாவிடம் தெரிவித்தோம். கிடைக்கும் ஊதியம் முன்னதில் மூன்றில் ஒரு பங்கும் இராது என்பதையும் மறைக்கவில்லை. அத்தா சினங்கொள்ளவில்லை. "தங்கச்சியைக் கேட்டியா?" என்று மட்டும் வினவினார்.

யாம் தலைகுனிந்தோம். அவள் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுதான் எம் படிப்புக் காலத்தில் வீடு நடைபெற வேண்டும். இறைவனிடம் இஸ்திகாரா தொழுது வழி கேட்ட யாம், இழப்பைச் சுமக்கப்போகும் தங்கையிடம் ஒரு சொல் கேட்கவில்லை!

அன்றிரவே கேட்டோம். "ரெண்டு வருசந்தானே, படிங்கண்ணே" என்றாள். அது மூன்றாண்டுகளாக நீண்டது. அக்காலத்தில் உறவினர் பேசிய சுடுசொற்களை எம் செவிக்கு எட்டாமல் அவளே தாங்கிக்கொண்டாள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

உ.வே. சாமிநாதையரின் வாழ்வில் இதனையொத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரிப் பணி தியாகராச செட்டியார் வாயிலாக அவரை நாடி வந்தது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோ அவரைப் பிரிய மனமில்லாதவர். எனினும் தேசிகரின் இசைவைப் பெற்ற பின்னரே ஐயர் புறப்பட்டார். அவ்வாண்டே கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். சீவக சிந்தாமணியைப் பயின்றதுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி அவர் வாழ்வின் திசையையே மாற்றியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. மடத்திலிருந்து கல்லூரிக்குச் சென்றது சம்பளத்துக்காக மட்டுமே என்று எண்ணியிருப்போர், அதன் உண்மையான ஊதியத்தை ஏழாண்டுகளுக்குப் பின்னரே கண்டிருப்பர்.

யாம் அப்பெருமகனாருக்கு ஒப்பாகோம். எனினும் எம்மிடம் எழுத்துக்கூட்டிப் பயின்ற ஒரு மாணவி இன்று அரசுப்பள்ளியில் தமிழாசிரியை. அவர் முதன்முதலாக எம்மை வந்து கண்ட நாளில், பழைய சம்பளக் கணக்கை யாம் மூடிவிட்டோம். தங்கையின் கணக்கு மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் பணி மாறுவீர்கள். எது வளர்ச்சி என்பதை உங்கள் உள்ளம் உரைக்கும். அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதை அது உரைக்காது. அதனை நீங்கள்தாம் வாய்திறந்து கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்டு, விடைபெற்றுச் செல்லும் பணியில் இறைவன் பரக்கத்தை அருள்வானாக!