கேமதாசவும் காமன் கூத்தும்

கதை முழுவதையும் பாடியே நடத்தும் ஒபேரா இத்தாலியில் பிறந்தது. அதைச் சிங்களத்தில் பேரார்வத்தோடு வளர்த்தவர் பிரேமசிறி கேமதாச.

1937இல் வாதுவையில் பிறந்த அவர் மூங்கில் குழலில் தொடங்கினார். 'கொலு ஹதவத்த' (1968), 'நிதானய' (1972) படங்களின் இசையால் நாடறிந்தவரானார். மேற்கத்திய சேர்ந்திசையையும் வடஇந்திய ராகங்களையும் கிராமிய மெட்டுகளையும் இணைத்து 'மானசவில', 'அக்னி' ஆகிய ஒபேராக்களைப் படைத்தார். வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பித்து மேடையேற்றினார். 2008இல் மறைந்தார்.

அவரை நினைக்கும்போது எங்கள் வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களின் காமன் கூத்து நினைவுக்கு வருகிறது. மாசிப் பனியில், தப்பொலியோடு, மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் பாட்டிலேயே நடக்கும். கடைவீதி முஸ்லிம் பிள்ளையான நானும் கண்விழித்துக் கேட்டிருக்கிறேன். இதுவும் ஒபேராவுக்கு உறவுதானே?

இன்று அந்தப் பாட்டுகளை முழுதாக அறிந்த பெரியவர்கள் தளர்ந்துவிட்டார்கள். இளைஞர்கள் வேலைதேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கேமதாச விட்டுச்சென்றது இசைநாடாக்களை மட்டுமல்ல. பாடத் தெரிந்த பிள்ளைகளையும்தான். லயத்துப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு 'மாஸ்டர்' வேண்டும், பெரியவர்கள் இருக்கும்போதே.