முசுறு வீடு

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் லீவு வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றாள். எந்த விலங்கு எங்கே வாழும் என்று கோடு போட்டு இணைக்க வேண்டுமாம். சிங்கத்துக்குக் குகை, எலிக்கு வளை, எறும்புக்குப் புற்று. (சிங்கம் எங்கே குகையில் இருக்கிறது? கிர் காட்டில் புதரும் புல்வெளியுமாகத்தான் திரிகிறது. சொன்னால் மார்க் போய்விடும் என்று விட்டுவிட்டேன் :-))

"மாமா, எல்லா எறும்புக்கும் புற்றுதானா?" என்றாள். கொல்லைப்புற மாமரத்துக்குக் கூட்டிப் போனேன். இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி செய்த முசுறுக் கூடு ஒன்று தொங்கியது.

எப்படித் தைத்தது என்று கேட்டாள். ஒரு முசுறு இன்னொன்றின் இடுப்பைப் பிடிக்க, அதை மற்றொன்று பிடிக்க, சங்கிலி போலச் சேர்ந்து இரண்டு இலைகளை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவரும் என்றேன். நூல்? அங்கேதான் வேடிக்கை. பெரிய எறும்புக்கு நூல் வராது. அதன் புழுவுக்குத்தான் வரும். புழுவை வாயில் கவ்விக்கொண்டு, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றித் தொட வைக்கும். பல எறும்பு வகைகளில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ள வைத்திருக்கும் நூல் அது. முசுறுப் புழு அதை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது. தனக்குக் கூடு கிடையாது.

"அப்போ பாப்பாவோட போர்வையை வாங்கி வீடு கட்டுதா?" என்றாள். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். கையில் கம்பு, நுனியில் மண்ணெண்ணெய்த் துணி. வருஷா வருஷம் மாங்காய் பறிக்கும் முன் கூட்டைக் கொளுத்துவது வழக்கம். சின்ன வயதில் அந்தக் கம்பை நானே ஆசையாகப் பிடித்திருக்கிறேன். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், எரிச்சல் உயிர் போகும். அந்தக் கோபம்.

"தாத்தா, பாப்பாவுக்குப் போர்வைகூட இல்லை, சுடும்!"

அப்பா என்னை முறைத்தார். சீனாவில் பல நூற்றாண்டுகளாக ஆரஞ்சு மரங்களில் பூச்சியை ஒழிக்க இதே முசுறை விட்டு வளர்த்தார்கள் என்று எடுத்துவிட்டேன். "மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறதும் இதுதான்டா, படிச்சவனே" என்றார். அதுவும் உண்மைதான். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காகக் காவல் காக்கும். பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பேத்திக்காக ஒரு கிளையை மட்டும் விட்டார். அந்தக் கிளை மாங்காயைத் தொரட்டியால் பறித்தது நான்தான். ஏழு கடி.

வீட்டுப்பாடத்தில் 'புற்று' என்பதை அடித்துவிட்டு ஒரு இலையை வரைந்து வைத்திருக்கிறாள். மிஸ் என்ன மார்க் போடுவார்களோ!